மயக்க மருந்து இல்லாத அறை

ஃபிலடெல்ஃபியாவின் முட்டர் மியூசியத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. அதன் இழுப்பறைகளைப் பார்வையாளர்கள் தாங்களே இழுத்துப் பார்க்கலாம். உள்ளே ஊக்குகள், பொத்தான்கள், காசுகள், ஆணிகள், எலும்புத் துண்டுகள், ஒரு பொம்மைத் தொலைநோக்கி, ஒரு நாள்கூட லீவு போடாமல் பள்ளிக்கு வந்ததற்காகக் கொடுத்த பதக்கம், அதிர்ஷ்டத்துக்குக் கூடவே வைத்துக்கொள் என்று பொறித்த வில்லை ஒன்று. மொத்தம் 2,374. எல்லாமே யாரோ விழுங்கியவை, இல்லையென்றால் மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டவை. அந்த யாரோக்களில் பலர் குழந்தைகள். சேர்த்து வைத்தவர் செவாலியே ஜாக்சன். (நம்மூரில் செவாலியே என்றால் சிவாஜிதான். இவருக்கு அது பட்டமில்லை, வீட்டில் வைத்த பெயரே அதுதான்.)

ஜாக்சன் 1865இல் பிட்ஸ்பர்கில் பிறந்து 1958இல் இறந்தவர். தொண்டை வழியாக, முனையில் சின்ன விளக்கு பொருத்திய உலோகக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, சிக்கியிருப்பதை இடுக்கியால் எடுக்கும் வித்தையை அமெரிக்காவில் வளர்த்தெடுத்தவர். அவருக்கு முன்னால் 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் குஸ்டாவ் கிலியன் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயிலிருந்து பன்றி எலும்பை எடுத்திருந்தார். அந்த வழியைக் குழந்தைகளுக்கு, அதுவும் கைக்குழந்தைகளுக்குத் திறந்ததில் ஜாக்சனின் பங்கு மிகப் பெரியது.

அவருடைய இரண்டு புத்தகங்களை இந்த வருடம் அடுத்தடுத்து வாசித்தேன். 1922இல் மருத்துவர்களுக்காக எழுதிய பிராங்கோஸ்கோப்பி கையேடு. 1938இல், எழுபதைத் தாண்டிய பிறகு, நம்மைப் போன்றவர்களுக்காக எழுதிய சுயசரிதை. ஜாக்சனைப் பற்றி எழுதுபவர்கள் சுயசரிதையிலிருந்துதான் தொடங்குவார்கள். என் கட்சி வேறு. இரண்டில் உண்மையான புத்தகம் கையேடுதான். சுயசரிதை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறதோ, சரியாக அந்த இடத்தில் கையேடு நிமிர்ந்து நிற்கிறது. அந்த இடத்தின் பெயர் மயக்க மருந்து.

முதலில் சுயசரிதைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடலாம். மோசமான புத்தகம் இல்லை. ஒல்லியான, சக மாணவர்களிடம் அடி வாங்கும் பையன். ஒருமுறை அவன் கண்ணைக் கட்டி, கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த தொழிலாளியும் அவருடைய நாயும் கண்டுபிடித்ததால் பிழைக்கிறான். இருட்டுக் குழிக்குள் கிடந்த பையன் பின்னாளில் இருட்டுக் குழாய்களுக்குள் விளக்கு இறக்குகிறான் என்று இதை வைத்து அழகாக ஒரு கட்டுரை கட்டலாம். அது ரொம்ப அழகாக இருப்பதாலேயே எனக்கு நம்பிக்கையில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது, சுமை இழுக்கும் விலங்குகளை மனிதர்கள் அடிப்பதைப் பார்த்து அவர் படும் வேதனை. பிறகு அவருக்கு வந்த காசநோய். மற்றவர்களின் நுரையீரலுக்குள் எட்டிப் பார்த்தவர் தன் நுரையீரலோடு படுக்கையில் கிடந்த மாதங்கள்.

அடுத்து, காரம். அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் சோப்பு காய்ச்சவும் அடைப்பு நீக்கவும் காஸ்டிக் காரம் வைத்திருப்பார்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டார்கள். உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது தழும்பாகச் சுருங்கி, கடைசியில் தண்ணீர்கூட இறங்காது. டப்பாவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஜாக்சன் வருஷக்கணக்கில் போராடினார். 1927இல் கூட்டாட்சிச் சட்டமே வந்தது. ஒரு தொண்டை மருத்துவர் லேபிளுக்காக இவ்வளவு தூரம் போனதற்காகவே அவரை நேசிக்கலாம்.

அந்தக் குழந்தைகளில் ஒருத்தியைப் பற்றிய பகுதிதான் புத்தகத்தின் புகழ்பெற்ற இடம். ஏழு வயதுச் சிறுமி. காரம் தின்று, தண்ணீரும் இறங்காமல் வந்திருக்கிறாள். ஜாக்சன் குழாயை விட்டு, அடைத்துக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பொருளை எடுக்கிறார். பிறகு நர்ஸ் ஒரு தம்ளர் தண்ணீர் தருகிறார். வழக்கம்போல நெஞ்சை அடைத்துத் திரும்பி வரும் என்று நினைத்து அவள் ஒரு வாய் மட்டும் குடிக்கிறாள். இறங்குகிறது. இன்னொரு வாய். அதுவும் இறங்குகிறது. தம்ளரை மெல்ல ஒதுக்கிவிட்டு, டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிடுகிறாள்.

முதல் முறை வாசித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. இரண்டாம் முறை வேறொன்று கண்ணில் பட்டது. குழாய் உள்ளே போவதற்கும் தண்ணீர் வருவதற்கும் நடுவில் அந்தச் சிறுமி எங்கே? அவர் மருத்துவமனையின் வழக்கப்படி இது மயக்க மருந்து இல்லாமல்தான் நடந்திருக்க வேண்டும். முழு விழிப்பில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தையின் தொண்டைக்குள் ஓர் உலோகக் குழாய். யார் பிடித்துக்கொண்டார்கள், அவள் என்ன செய்தாள், எவ்வளவு நேரம் ஆனது, எதுவும் இல்லை. அவள் மறுபடி தெரிவது முத்தம் கொடுக்கும்போதுதான். நன்றி சொல்ல மட்டும் கதைக்குள் வரும் பாத்திரங்களை நமக்கு நன்றாகவே தெரியும். தமிழ் சினிமாவில் டாக்டர் கதாநாயகனாக வந்தால் நோயாளிக்கு அந்த வேலைதான்.

இப்போது கையேட்டுக்கு வரலாம்.

அதில் மயக்க மருந்து பற்றிய அத்தியாயம் சின்னது. சுற்றி வளைக்காமல் விதிகளை வைக்கிறார். மூச்சுத் திணறலோடு வருபவருக்கு முழு மயக்கம் கொடுக்கவே கூடாது. பத்து வயதுக்குக் கீழே கோகைன் கூடாது, அது அவர்களுக்கு விஷம். இருமலை முழுசாக அணைப்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே. குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்யத் தன் இடத்தில் முழு மயக்கம் தருவதே இல்லை என்றும் எழுதுகிறார். இருமல் அவருக்கு நுரையீரலின் காவல் நாய். அதற்கு மருந்து வைத்துவிட்டால் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம்.

இதைக் கொடூரம் என்று ஒதுக்குவது சுலபம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். ஒரு சிசுவின் மூச்சுக்குழாய் சுமார் 4 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2. பரப்பு கால்வாசியாகிவிடும். காற்றுக்கான தடையோ ஆரத்தின் நான்காம் அடுக்கில் எகிறும், அதாவது 16 மடங்கு. அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரியவரின் குழாயில் வந்தால் தடை மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கிலோ கணக்கில் பார்த்தால் சிசு செலவழிக்கும் ஆக்ஸிஜனும் பெரியவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேமிப்பு குறைவு, செலவு அதிகம். மூச்சு நின்றால் பெரியவருக்கு நிமிஷங்களில் நடப்பது குழந்தைக்கு நொடிகளில் நடக்கும்.

இதன் மேல் இன்னொரு சிக்கல். மற்ற அறுவை சிகிச்சைகளில் மருத்துவர் வயிற்றிலோ காலிலோ வேலை பார்ப்பார், மூச்சு மயக்க மருத்துவரின் கையில் இருக்கும். இங்கே இருவருக்கும் வேண்டியது ஒரே குழாய். நம் தொழிலில் இதை ஷேர்டு ரிசோர்ஸ் என்போம். ஒரே ஃபைலில் இரண்டு ப்ராசஸ் எழுத வந்தால் ஒன்று முடியும் வரை இன்னொன்றைக் காக்க வைத்து லாக் போடுவோம். இங்கே லாக் போட்டால் குழந்தை செத்துவிடும்.

1922இல் கையிலிருந்தது ஈதர். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கலாம், உதட்டின் நிறத்தைப் பார்க்கலாம். விரலில் மாட்டினால் ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும் கிளிப்பெல்லாம் அறுபது வருடம் தள்ளித்தான் அறுவை அறைகளில் சாதாரணமாகிறது. ஈதரை ஆழமாகக் கொடுத்தால் மூச்சு அடங்கும், லேசாகக் கொடுத்தால் தொண்டை இறுகும். ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும் குழந்தைக்கு இரண்டுமே சாவு. அழுகிற குழந்தை குறைந்தபட்சம் மூச்சாவது விடுகிறது. ஜாக்சன் அழுகையைத் தேர்ந்தெடுத்தார்.

அப்படித் தேர்ந்தெடுத்தவர் அதன் விலையைக் கையேட்டில் மறைக்கவில்லை என்பதுதான் என்னை அசைத்தது. குழந்தை எப்படிப் படுக்க வேண்டும், தோளை யார் அழுத்த வேண்டும், தலையைப் பிடிப்பவர் எந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார வேண்டும், வாய் மூடாமலிருக்கக் கட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. தலை பிடிக்கும் அந்த முறைக்குச் சக மருத்துவர் பாய்ஸின் பெயரையே வைத்திருக்கிறார். உருக்கம் என்று எதையும் எழுதவில்லை. ஆனால் ஒரு குழந்தையை இத்தனை கைகள் பிடித்திருக்கின்றன என்பதை நாம் பார்த்துவிடுகிறோம். சுயசரிதையின் கண்ணீர் காட்டாததை ஸ்டூலின் இடம் காட்டிவிடுகிறது.

இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. போன வருடம் அக்கா பையன், இரண்டு வயது, கடலை மிட்டாயில் இருந்த கடலையை மூச்சோடு இழுத்துக்கொண்டான். (நிலக்கடலை ஜாக்சனுக்கும் பரம எதிரி. குழந்தை நுரையீரலில் அது உண்டாக்கும் அழற்சிக்குத் தனிப் பெயரே வைத்தார்.) வலது பக்கம் காற்றுப் போகவில்லை. சர்ஜன் ரெண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போனார். மயக்க மருத்துவர் எங்களோடு உட்கார்ந்து பேசினார். என் வயதுதான் இருக்கும்.

"தூங்க வைக்கிறது பெரிய விஷயமில்ல சார். தூங்கும்போதும் அவனே மூச்சு விடணும், அதுதான் என் வேலை. சர்ஜன் கடலையைப் பார்ப்பாரு. நான் கடலையைப் பார்க்க மாட்டேன். பையனை மட்டும்தான் பார்ப்பேன்."

அக்கா கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரே வாய்க்குள்ளயா மேடம்?"

"ஆமாம்மா. அதனாலதான் நாங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்குவோம்."

அவர் சொன்னதும் பிறகு நான் வாசித்ததும் சேர்ந்து இப்படி. முகமூடி வழியாக செவோஃப்ளூரேன் கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். குரல் நாண்களின் மேல் லிக்னோகெய்ன் தெளித்து மரக்கடிக்கிறார்கள். இன்றைய உலோகக் குழாய்க்குப் பக்கவாட்டில் ஒரு வாய் உண்டு. அதில் மயக்க மருத்துவரின் காற்று வருகிறது, நடுவில் சர்ஜனின் கண்ணும் இடுக்கியும் போகின்றன. ஜாக்சன் காலத்தில் தீராத பங்குச் சண்டையைத் தீர்த்தது இந்தப் பக்க வாய். காற்றை அழுத்தித் தள்ளினால் கடலை இன்னும் ஆழத்துக்குப் போகலாம், அல்லது ஒருவழிக் கதவு மாதிரி நின்று போன காற்றைத் திரும்ப விடாமல் நுரையீரலை ஊத வைக்கலாம். அதனால் குழந்தையைத் தானாக மூச்சு விட வைப்பவர்கள் ஒரு கட்சி. அவன் நடுவில் இருமி, அசைந்து, குழாய் கிழித்துவிட்டால் என்ன செய்வது, தசையைத் தளர்த்தி நாமே மூச்சு கொடுப்போம் என்பவர்கள் இன்னொரு கட்சி. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. கடலை பெரும்பாலும் குழாயை விடப் பெரிது. உள்ளே இழுக்க முடியாது. கடலை, இடுக்கி, குழாய் மூன்றும் ஒன்றாக வெளியே வர வேண்டும். அப்போது குரல் நாண்களுக்குப் பக்கத்தில் கடலை நழுவினால் இரண்டு நுரையீரலுக்கும் வழி போச்சு. எடுக்கவும் முடியாவிட்டால், எடுக்க வந்ததையே திரும்பவும் ஒரு பக்கத்துக்குள் தள்ளிவிட வேண்டும். ஒரு நுரையீரலாவது மூச்சு விடட்டும், பிறகு மறுபடி முயலலாம். தள்ளு என்று சொல்லும் அந்தக் குரல், கடலையைப் பார்க்காத ஒருவருடையதாகத்தான் இருக்க முடியும்.

எங்கள் பையனுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. இருபது நிமிஷத்தில் முடிந்தது. அந்த மேடம் கையில் ஒரு சின்னப் பை இருந்தது, வால் திறந்த ரப்பர் பை. நம் மருத்துவமனைகளில் ஜே.ஆர். சர்க்யூட் என்பார்கள். பிலிப் அயர் 1937இல் நியூகாஸிலில் குழந்தைகளுக்காகச் செய்த டி வடிவக் குழாயில், 1950இல் லிவர்பூலின் கார்டன் ஜாக்சன் ரீஸ் இந்தப் பையைச் சேர்த்தார். (இன்னொரு ஜாக்சன். உறவில்லை.) குழந்தையின் ஒவ்வொரு மூச்சும் அந்தப் பை வழியாக விரலுக்குத் தெரியும்.

நான் பையனை மட்டும்தான் பார்ப்பேன். இந்த வாக்கியம்தான் ஜாக்சனை மறுபடி வாசிக்க எனக்குச் சாவி. அவர் அறையில் அப்படி ஒருவர் இல்லை. தோள் பிடிக்க, தலை பிடிக்க, கருவி எடுத்துக் கொடுக்க ஆட்கள் உண்டு. குழந்தையின் மூச்சு ஒன்றே வேலையாக உள்ள, சர்ஜனுக்குச் சமமான குரலுள்ள இன்னொரு மருத்துவர் இல்லை. மயக்கமே இல்லாதபோது மயக்க மருத்துவர் எதற்கு?

கையேட்டில் ஜாக்சன் அந்த ஆளாகவும் தானே இருக்க முயல்கிறார். ஒரு கண் ஊக்கின் மேல், இன்னொரு கண் மூச்சின் மேல். அதனால்தான் அந்த நூலில் இவ்வளவு தயக்கம். தயாராகாமல் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று குழாயை விடாதே. அவசரப்படாதே. மூச்சு தடைபட்டால் என்ன, ஆக்ஸிஜன் எங்கே, தொண்டையில் துளையிடும் கருவிகள் பக்கத்தில் தயாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். இரண்டு மனிதர்கள் ஒரு மண்டைக்குள் வாக்குவாதம் செய்யும் உரைநடை அது. சுயசரிதைக்கு வரும்போது அந்த இரண்டாவது மனிதர் காணாமல் போய்விடுகிறார். எடுத்தவர் மட்டும் மிச்சம். இழுப்பறைகளும் எடுத்தவருடையவை. எடுக்கப்பட்ட ஊக்கு பத்திரமாக இருக்கிறது. அது எந்தத் தொண்டையில் இருந்ததோ அந்தக் குழந்தையின் அந்த அரைமணி நேரம் எங்கும் இல்லை.

இன்றைய அறத்தைக் கொண்டு நேற்றைய மருத்துவரை அளக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் அளப்பது மருத்துவத்தை இல்லை. அவர் செய்த முடிவு அன்றைக்குச் சரி என்றே நினைக்கிறேன். நான் கேட்பது 1938இல் மேசை முன் உட்கார்ந்து எழுதிய எழுத்தாளரை. கையேட்டில் சொல்ல முடிந்ததைச் சுயசரிதையில் ஏன் சொல்லவில்லை? அவருக்குத் தெரியாததில்லை. மயக்க மருத்துவத்தின் எதிரியும் இல்லை அவர். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து மயக்க வாயுவைச் செலுத்தும் நுட்பம் பற்றி 1913இலேயே எழுதியிருக்கிறார். நேரே பார்த்தபடி குழாய் வைக்க இன்றைக்கு மயக்க மருத்துவர்கள் பிடிக்கும் லாரிங்கோஸ்கோப்பின் முன்னோர்களில் ஒன்று அவருடையது. குழந்தைகளை விழிப்பில் வைத்தவர்தான் அவர்களைத் தூங்க வைக்கும் கருவிக்கும் வழி செய்தார். சுயசரிதையில் ஓர் அத்தியாயம் கேட்கும் முரண் இது.

குழந்தைக்கு வலிக்காது என்று ஜாக்சன் நம்பினார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் காரணம் மூச்சு. வலிக்காது என்ற நம்பிக்கை வேறொரு வரலாறு, அது ஜாக்சனோடு முடியவும் இல்லை. 1980களின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு, மார்பைத் திறந்து, நுரையீரலை ஒதுக்கிச் செய்யும் ரத்தக்குழாய் அறுவையைக்கூட, தசையை முடக்கும் மருந்தும் மிகக் குறைந்த மயக்கமும் மட்டும் தந்து செய்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த், அப்படி அறுவை முடிந்து வரும் குழந்தைகளின் நிலையைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்டு அவரும் சகாக்களும் 1987இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு, சேர்க்காத குழந்தைகளின் உடல் எவ்வளவு பதறுகிறது என்பதை ரத்தத்தின் ஹார்மோன் அளவுகளில் காட்டியது. ஜாக்சனின் குழந்தைக்கு அழவாவது முடிந்தது. இந்தக் குழந்தைகளின் தசையையும் முடக்கி வைத்திருந்தார்கள். வேதியியல் அளவுகள் வந்த பிறகுதான் அறையில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

இழுப்பறைகளுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தேடிப்போன ஒரு புத்தகம் உண்டு. மேரி கப்பெல்லோ 2011இல் எழுதிய ஸ்வாலோ. ஆவணங்களைத் தோண்டி, பொருட்களுக்குப் பெயரும் வீடும் வர்க்கமும் தருகிறார். ஜாக்சனை வழிபடாமலும் வையாமலும் நேசிக்கிறார். இந்தத் தலைப்பில் நல்ல உரைநடை வேண்டுமென்றால் அதுதான். ஆனால் அவர் மனம் போவது வாய்க்கும் விழுங்குவதற்கும், பசி, ஆசை, ரகசியம் என்று உருவகங்களுக்கும். சில பக்கங்களில் ஊக்கு ஊக்காக இருக்கவே விடமாட்டேன் என்கிறார். நுரையீரலில் சிக்கிய கடலை எதற்கும் குறியீடு இல்லை. அது 2 மில்லிமீட்டர் வழியை அடைத்துக்கொண்டிருக்கும் கடலை. இந்த விஷயத்தில் எனக்குக் கையேட்டின் வறட்சிதான் பிடித்திருக்கிறது.

கையேடு காப்புரிமை முடிந்து குடன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுசாக வாசிக்க வேண்டியதில்லை, கருவிகள் பற்றிய அத்தியாயங்களைத் தைரியமாகத் தாண்டலாம். மயக்க மருந்து அத்தியாயத்தையும், நோயாளியை எப்படிப் படுக்க வைப்பது என்ற அத்தியாயத்தையும் வாசியுங்கள். அதன் பிறகு சுயசரிதை கிடைத்தால் அந்தத் தம்ளர் தண்ணீர் பக்கத்துக்குப் போங்கள். தலையைப் பிடிப்பவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.